1973 போர்ஷே 914: வளைவுகளில் எப்படி ஓடுகிறது?

போர்ஷே 914 வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைத்தான். அதற்குப் பதில் சுருக்கமானது. என்னிடம் இருப்பது 1973-ஆம் வருடத்து 2.0 லிட்டர் மாடல். நான்கு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின். ஐரோப்பாவில் விற்றதற்கு 100 குதிரைத்திறன். அமெரிக்காவுக்கு வந்ததற்கு அதைவிடச் சற்றுக் குறைவு. இன்றைய குடும்பக் கார் ஒன்று சிக்னலில் இதை எளிதாகத் தாண்டிவிடும். நேர்சாலையில் இதற்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

வளைவு வந்துவிட்டால் கதை வேறு. நான் ஓட்டிப் பார்த்த பழைய கார்களில், இவ்வளவு குறைந்த சக்தியை வைத்துக்கொண்டு மலைச் சாலையில் இவ்வளவு வேகத்தை இழக்காமல் காப்பாற்றும் கார் வேறு இல்லை. இதைப் பக்கத்தில் வேறு கார்களை வைத்துச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் ஒப்பிட்டே எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில். சரடோகாவிலிருந்து மலையேறும் 9-ஆம் நெடுஞ்சாலை, முகட்டோடு போகும் ஸ்கைலைன் சாலை, உட்சைடிலிருந்து ஏறி லா ஹோண்டா வழியாகக் கடல் பக்கம் இறங்கும் 84 ஆகிய மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. 84-உம் ஸ்கைலைனும் சந்திக்கும் இடத்தில் ஆலிஸஸ் ரெஸ்டாரண்ட் என்று ஒரு கடை. சனி, ஞாயிறு காலையில் அங்கே பழைய கார்களும் பைக்குகளும் வந்து நிற்கும். நண்பர்களோடு சாவியை மாற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அங்கேதான் கிடைத்தது. அதனால் கீழே சொல்லும் கார்கள் எல்லாமே ஒரே சாலையில் ஓட்டியவை.

முதலில் என்ஜின் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 914-இல் அது இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் படுத்திருக்கிறது. கியர்பாக்ஸ் அச்சுக்குப் பின்னால். போர்ஷேவின் இன்னொரு காரான 911-இல் என்ஜின் பின் அச்சையும் தாண்டிக் காரின் வாலில் தொங்குகிறது. கம்பெனி ஒன்றுதான், யோசனை இரண்டு. போர்ஷே என்ற பெயரில் வந்த முதல் கார், 1948-இல் ஆஸ்திரியாவின் க்முண்டில் செய்த 356-இன் முதல் வண்டி, என்ஜினை நடுவில் வைத்ததுதான். விற்பனைக்குப் போன 356-களில்தான் அது பின்னால் நகர்ந்தது. ஓட்டப்பந்தயத்தில் நடு என்ஜினின் மேன்மையைக் கூப்பர் கார்கள் 1959, 1960 இரண்டு வருடமும் ஃபார்முலா ஒன் பட்டம் வென்று காட்டிவிட்டன. அதற்குப் பிறகு அங்கே முன் என்ஜின் கார் எதுவும் பட்டம் வெல்லவில்லை. 1969-இல் 914 வந்தபோது, அந்த அமைப்பை ஃபோக்ஸ்வாகனோடு கூட்டுச் சேர்ந்து சாதாரண வாங்குபவருக்கும் எட்டும்படி செய்தார்கள். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன்-போர்ஷே என்ற இரட்டைப் பெயரில் விற்றது. அமெரிக்காவில் போர்ஷே என்று மட்டும். நான்கு சிலிண்டர் என்ஜினின் வேர் ஃபோக்ஸ்வாகன் என்பதால் அந்தக் காலத்தில் பலர் இதைப் போர்ஷே என்று ஏற்கவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம், ஏனென்றால் முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் 911-இன் வழி வந்தவை.

நடுவில் என்ஜின் இருந்தால் என்ன லாபம்? காவடித் தண்டின் இரு முனையிலும் தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். தண்டு திரும்ப மறுக்கும்; திரும்பத் தொடங்கிய பின் நிற்க மறுக்கும். அதே குடங்களை இடுப்போடு அணைத்துக்கொண்டால் நினைத்த நேரத்தில் திரும்பலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம். பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான். 914-இல் கனமான பொருட்கள் எல்லாம் காரின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கின்றன. என்ஜினும் தட்டையான வகை, அதனால் எடை தரையோடு கிடக்கிறது. காரின் உயரமே 1.23 மீட்டர்தான். மொத்த எடை 1,000 கிலோவைத் தொடாது. முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய 46-க்கு 54 என்று பிரிகிறது.

இதன் பலன் வளைவின் உள்ளே நுழையும் நொடியில் தெரியும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் மூக்கு, அப்புறம் உடம்பு, அப்புறம் வால் என்று தவணை முறையில் திரும்புவதில்லை. உங்கள் இடுப்பைச் சுற்றி முழுக் காரும் ஒரே சமயத்தில் திரும்புகிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது; முன் சக்கரங்களின் மேல் என்ஜின் இல்லாததால் அது தேவையும் இல்லை. சாலையில் ஒட்டுப்போட்ட தார், ஈர இலை, மணல் எல்லாம் உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. 84-இல் லா ஹோண்டா பக்கம் இறங்கும்போது ரெட்வுட் மரங்களின் நிழலில் காயாத ஈரம் கிடக்கும். கண் அதைப் பார்ப்பதற்குள் ஸ்டீயரிங் இலேசாகி எச்சரித்துவிடும்.

இன்னொரு குணத்தை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். பாதி வளைவில் மனசை மாற்றிக்கொள்ளலாம். இறுகிக்கொண்டே போகும் வளைவுகள் ஸ்கைலைனில் நிறைய. உள்ளே போன பிறகுதான் அது இன்னும் மடங்குகிறது என்று தெரியும். 914-இல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் மூக்கு ஒரு சாண் உள்பக்கம் ஒதுங்கும், அவ்வளவுதான். கார் பதறாது. மறுபடி அழுத்தினால் பழைய பாதைக்கு வரும். வலது காலாலேயே பாதையைத் திருத்திக்கொண்டு போகலாம்.

இதே இடத்தில் 911-ஐ நிறுத்திப் பார்க்கிறேன். நண்பர் ஒருவரிடம் அதே 1973-ஆம் வருடத்து 911 டி இருக்கிறது, 2.4 லிட்டர். அழகான கார், அதன் ஆறு சிலிண்டர் ஒலிக்கு முன்னால் என் நான்கு சிலிண்டர் நிற்க முடியாது. ஆனால் அதில் வளைவுக்குள் போவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக நுழைய வேண்டும். நுழைந்த பின் சீக்கிரமே ஆக்சிலரேட்டரைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டே வெளியேற வேண்டும். இந்த ஒழுங்கை மதித்தால் வெளியேறும் இடத்தில் 911-ஐப் போல ஒன்று இல்லை. பின் சக்கரங்களின் மேலேயே என்ஜின் உட்கார்ந்திருப்பதால் டயர் தரையைப் பிறாண்டிக்கொண்டு கிளம்பும். அங்கே 914 தோற்றுப்போகிறது, சந்தேகமே இல்லை.

பாதி வளைவில் பயந்து காலை எடுத்தால்தான் 911-இன் இன்னொரு முகம் தெரியும். எடை முன்னால் பாய்கிறது, பின் டயர்களின் பிடி குறைகிறது, வாலில் இருக்கும் என்ஜின் வெளிப்பக்கம் போகப் பார்க்கிறது. போர்ஷேவுக்கே இது நன்றாகத் தெரியும். ஆரம்பகால 911-களின் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். 1969 மாடலில் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268-ஆக நீட்டினார்கள். 914-இல் அந்தத் தூரம் 2,450. கார் சிறியது, ஆனால் சக்கரங்கள் மூலைக்கு மூலை தள்ளி நிற்கின்றன. நெடுஞ்சாலையில் மேடு பள்ளத்தின் மேல் இது தலையாட்டாமல் போவதற்கு ஒரு காரணம் அது. நண்பரின் 911 அதே இடத்தில் மூக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, முன்னால் என்ஜின் இருக்கும் கார்கள்? பிரிட்டனின் எம்ஜிபியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 914-ஐ வாங்க நினைத்தவர் அந்தக் காலத்தில் அதையும் பார்த்திருப்பார். பின்னால் ஒற்றைத் தண்டு அச்சு, பட்டை ஸ்பிரிங். வழவழப்பான சாலையில் இனிமையான வண்டி. வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் பின்பக்கம் முழுவதும் ஒரு அடி தள்ளிக் குதிக்கும். 914-இல் நான்கு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் அந்தப் பள்ளத்தை ஒரு சக்கரம் மட்டும் வாங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒரே காலத்துக் கார்கள் என்று நம்புவது கடினம்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 தான் உண்மையான போட்டி. 1989-இல் வந்த முதல் தலைமுறை, 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். என் அலுவலகத்தில் மதுரைக்காரத் தம்பி ஒருவர் சிவப்பில் ஒன்று வைத்திருக்கிறார். மாற்றி ஓட்டிவிட்டு இறங்கியவர் சொன்னது: “அண்ணே, பின்னாடி என்ஜின் இருக்குன்னு சொன்னீங்க. பின்னாடி ஒரு பாரமே தெரியலையே. நான் உட்கார்ந்த இடத்துலேருந்தே கார் திரும்புது.” எனக்கு அது போதுமான விமர்சனம். அவருடைய காரை ஓட்டியபோது நான் கண்டது வேறு. எம்எக்ஸ்-5 வளைவில் சாய்கிறது, சாய்வதன் மூலம் எவ்வளவு பிடி மிச்சம் இருக்கிறது என்று நிதானமாகக் கணக்குக் காட்டுகிறது. கியர் லீவர் மணிக்கட்டு அசைவில் விழுகிறது. 914-இன் கியர் தண்டுகளோ ஓட்டுநரிடமிருந்து என்ஜினைச் சுற்றிக்கொண்டு பின்னால் போக வேண்டும். 1972 வரை வந்தவற்றில் அந்த இணைப்பு கியர்பாக்ஸின் வால் முனைவரை போனது, கியரைத் தேடித்தான் போட வேண்டும். 1973-இல் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். நல்ல முன்னேற்றம், என்றாலும் மாஸ்டாவின் சொடுக்கு இதில் வராது. முதல் கியர் இடப்பக்கம் கீழே இருப்பது நகரத்தில் தொல்லை. மலையில் வரம், ஏனென்றால் அதிகம் வேண்டிய இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் எம்எக்ஸ்-5 வாங்குங்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன். அதற்குக் காரணம் டயர்கள் பிடியை விடும் எல்லைக்குப் பக்கத்தில்தான் தெரியும், அந்த எல்லையைப் பொதுச் சாலையில் தேடக் கூடாது. பெரிய வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகள் வைத்து நடத்தும் ஆட்டோகிராஸ் அதற்குச் சரியான இடம். 914 அங்கே பல பத்தாண்டுகளாகச் செல்லப்பிள்ளை. கூம்புகளுக்கு நடுவே இடம் வலம் என்று மாறி மாறிப் போகும்போது அதன் நடு எடை தரும் சுறுசுறுப்பு அப்படியே காட்சியாகத் தெரியும்.

ஆனால் அங்கே இரண்டு பாடங்கள் கிடைக்கும். ஒன்று, மூக்கு இலேசு என்பதால் வெறுமனே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் முன் டயர்கள் நழுவி நேராகப் போகப் பார்க்கும். பிரேக்கை முழுவதும் விடாமல், மெல்லத் தளர்த்திக்கொண்டே உள்ளே போக வேண்டும். எடை முன்னால் வந்து அமரும், மூக்கு சாலையைக் கடித்துப் பிடிக்கும். 914-இன் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும் பூஸ்டர் இல்லை, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். கால் கொடுக்கும் அழுத்தம் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே போகிறது என்பதால் இந்த வித்தைக்கு அது மிகப் பொருத்தம். இரண்டாவது பாடம் பெரியது. எதைத் திருப்புவது எளிதோ அது சுழல்வதும் எளிது. பின் சக்கரம் பிடியை விட்டுவிட்டால் மாஸ்டாவில் யோசிக்க நேரம் இருக்கிறது. 914-இல் கை ஏற்கெனவே திரும்பியிருக்க வேண்டும். அதன் எல்லை 911-ஐவிடத் தள்ளி இருக்கிறது, அதைத் தாண்டினால் நடப்பதும் வேகமாக நடக்கிறது. பின்பக்கம் இருப்பது செமி-ட்ரெயிலிங் ஆர்ம் வகை சஸ்பென்ஷன். எல்லையில் முழுவதுமாகக் காலை எடுத்தால் பின்பக்கம் உயர்ந்து, சக்கரங்களின் கோணமும் சற்று வெளிப்பக்கம் திரும்பும். எடை மாற்றத்தோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். சாலை வேகத்தில் சாதுவாக மூக்கை ஒதுக்கிய அதே செயல் இங்கே காரையே சுழற்றிவிடும்.

நடு என்ஜின் கார்களுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும் என்றால் ஃபியட் எக்ஸ்1/9. 1972-இல் வந்தது, பெர்டோனே நிறுவனத்தில் மார்ச்செல்லோ காந்தினி வரைந்த வடிவம், 1,290 சிசி என்ஜின் குறுக்கே படுத்திருக்கும். அச்சுகளுக்கு இடையே 2,202 மில்லிமீட்டர்தான், 13 அங்குலச் சக்கரங்கள். ஓட்டிய மாத்திரத்தில் பிடித்துவிடும் கார். உடல் கட்டு இறுக்கம், கூரையைக் கழற்றினாலும் அதிர்வதில்லை. இந்த ஒன்றில் ஃபியட் மேலே. குறுகிய திருப்பங்களில் 914-ஐவிடத் துள்ளலாக ஓடும். நீண்ட, வேகமான வளைவுகளில் அந்தத் துள்ளலே ஓயாத சின்னச் சின்னத் திருத்தங்களைக் கேட்கிறது. 914 அங்கே ஒருமுறை பாதையைப் பிடித்தால் விடுவதில்லை. ஸ்கைலைன் போன்ற சாலைக்கு எனக்கு 914 வேண்டும்.

இந்த அடித்தளத்தின் தரத்துக்குப் பந்தயச் சான்றும் இருக்கிறது. 911-இன் ஆறு சிலிண்டர் என்ஜினைப் போட்ட 914/6, 1970-இல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக ஆறாவதாக வந்து ஜிடி பிரிவை வென்றது. அதே வருடம் நியூர்பர்க்ரிங்கில் 86 மணி நேரம் ஓடிய மாரத்தான் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. இரவும் மழையும் சேர்ந்த அப்படிப்பட்ட பந்தயத்தில், ஓட்டுநரைக் களைப்படையச் செய்யாத கார்தான் தாங்கும். சாலைக் காராக 914/6-இன் விலை 911 டி-யை நெருங்கியதால் விற்பனை படுத்துவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். நான்கு சிலிண்டர் கார்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

சோதனை ஓட்டத்துக்குப் போகிறவர்கள் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 62 லிட்டர் டேங்க் முழுவதும் முன்னால் இருக்கிறது. நிரம்பியிருந்தால் முன் சக்கரங்களின் மேல் நாற்பது கிலோவுக்கு மேல் கூடுதல், மூக்கு நன்றாகக் கடிக்கும். காலியானால் ஸ்டீயரிங் இலேசாகி, அதே வளைவில் அதே கார் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். பக்கக்காற்றிலும் இது தெரியும். காற்றாலைகள் நிற்கும் ஆல்டமாண்ட் கணவாயைக் காலி டேங்கோடு தாண்டும்போது மூக்கு அலையும். முன் பெட்டியில் கனமான பை ஒன்றைப் போட்டாலே அடங்குகிறது. டயரில் காற்று முன்னைவிடப் பின்னால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே அளவு அடித்திருந்தால் காரின் குணமே மாறிவிடும். அப்புறம், அகலமான டயர் போட்ட கார்களை நான் விரும்பவில்லை. 2.0-வுக்குத் தொழிற்சாலை கொடுத்தது 165 அகலம், 15 அங்குலம். அந்த அளவில், மெதுவாக ஓட்டும்போதே பிடி எவ்வளவு என்று கார் சொல்லத் தொடங்கிவிடும். அகலமானதைப் போட்டால் பிடி கூடும், ஸ்டீயரிங் கனக்கும், நூறு குதிரைத்திறனுக்கு அந்தப் பிடியை உபயோகிக்க வழி இருக்காது.

வாங்க நினைப்பவர்களுக்கு: நான்கு சிலிண்டரில் 1973, 1974 இரண்டு வருடத்து 2.0 தான் என் தேர்வு. பக்கவாட்டு கியர் இணைப்பும் பெரிய என்ஜினும் சேர்ந்து வருகின்றன. அமெரிக்கக் கார் என்றால் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றில் சாய்வு கூடுதல். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனையும் கிடையாது.

என்ஜினைவிட முக்கியம் துரு. பேட்டரி என்ஜின் அறையின் வலப்பக்கம் இருக்கிறது. அமிலம் வழிந்து கீழே இறங்கினால் நேராகப் போய் அரிப்பது வலது பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் பகுதியை. அங்கிருந்து கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டித் தகடுகளுக்குப் பரவும். கூரை கழற்றும் கார் என்பதால் உடலின் பலமெல்லாம் அந்தத் தகடுகளில்தான். அவை இற்றுப்போன காரில் மேலே நான் எழுதிய எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. பேட்டரித் தட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு காரை ஜாக்கியில் உயர்த்திக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி குறைந்து கதவு உரசினால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.